கைகாட்டி நிற்காதே

சுண்ணாம்பு வாளியோடு வந்தவர்கள் முதல் பூச்சைச் சுவரில் வரைந்திருந்த சைக்கிளின் பின் சக்கரத்தின் மேல்தான் இழுத்தார்கள். பாடிச் சந்திப்பில் லாரிகளும் பேருந்துகளும் எழுப்பிய இரைச்சலையும் மீறித் துலுக்கானத்தின் குரல் எழுந்தது.

"யோவ், நிறுத்துய்யா! அது கட்சி சைக்கிள் இல்ல. என் கடை சைக்கிள்!"

வாளிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சைக்கிள்னா சைக்கிள்தான் நைனா. எலெக்சன் வந்துகீது. செவுத்துல ஒரு சின்னமும் இருக்கக் கூடாதாம். அதுக்கு மேல நீ எழுதிக்கீறத நீயே படி. கைகாட்டி நிற்காதே, சைக்கிளில் ஏறு! இத்தப் பாத்துட்டு கட்சி இல்லன்னு எவன் நம்புவான்?"

துலுக்கானம் படித்தார். மூன்றாண்டுகளுக்கு முன் தம் கையாலேயே நீல வண்ணத்தில் எழுதிய சொற்கள் அவை. பேருந்துக்குக் கைகாட்டி, நிற்காமல் போகும் அதன் பின்னால் ஓடி, மூச்சிரைக்கத் திரும்பி வரும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து நெஞ்சு கொதித்து எழுதியவை. அன்று அந்தக் கையைச் சின்னமாக எவரும் படிக்கவில்லை. சைக்கிள் வெறும் சைக்கிளாக இருந்தது. இந்த ஆண்டு கைச் சின்னக் கட்சி இரண்டாகப் பிளந்தது. பழையவர்களிடம் கைச் சின்னம் தங்கியது. பிரிந்து வந்த புதியவர்களுக்குச் சைக்கிள் சின்னம் கிடைத்தது. ஒரே இரவில் துலுக்கானத்தின் சுவர், அவரைக் கேட்காமலே, அரசியல் பேசத் தொடங்கிவிட்டது.

அவருக்கு அரசியல் புதிதன்று. இளமையில் தெருமுனை மேடைகளில் சாதியைச் சாடியவர், வரதட்சணையை வறுத்தெடுத்தவர், துண்டறிக்கைகளைத் தாமே எழுதித் தாமே அச்சிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டை வாசலில் நின்று கொடுத்தவர். கேட்டவர்கள் கைதட்டினார்கள், தட்டிய கையோடு வீட்டுக்குப் போய்ப் பழைய வாழ்வையே வாழ்ந்தார்கள். சொல் மட்டும் போதாது, ஒரு கருவி வேண்டும் என்று அவர் தெளிந்தபோது கிடைத்த கருவிதான் சைக்கிள். பெட்ரோல் கேட்காத வண்டி, எவன் தயவும் கேட்காத வண்டி, ஏறியவரை ஏறிய கணமே தமக்குத் தாமே தலைவராக்கும் வண்டி! கடைக்குச் 'சமத்துவம் சைக்கிள் நிலையம்' என்று பெயர் வைத்தார். குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் வண்டியைத்தான் அவரே ஓட்டினார். பாடியே சிரித்தது. சிரிக்கட்டும் என்பதற்காகவே அவர் அதில் ஏறினார்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் துணி ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் பேருந்தில் படும் பாட்டை அவர் அறிவார். படிக்கட்டில் ஆண் தொங்கினான். உள்ளே பெண் நசுங்கினாள். நசுங்கியதோடு நில்லாமல் எவன் எவனுடைய கையையோ பொறுத்துக்கொண்டு, இறங்கும் இடத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளரவமற்ற எஸ்டேட் சாலைகளில் அந்தப் பெண்களுக்குத் தம் வண்டியையே கொடுத்து ஓட்டப் பழக்கினார். பேசிப் பேசி ஊரைத் திரட்டியும் வந்தவர்கள் ஒன்பது பேர். முதலில் வந்தவள் நாகவல்லி. விழுந்து முழங்கை தேய்ந்தபோதும், "இன்னொரு தபா புடி அண்ணாத்தே" என்றவள். பிறகு அவர் கடையிலேயே தவணையில் ஒரு வண்டி வாங்கி, தவணையும் முடித்து, தினமும் மணியடித்துக்கொண்டு கடையைக் கடந்து போனவள்.

அந்த நாகவல்லி, சுவர் வெளுத்த மறுநாள் காலை நடந்து வந்தாள்.

"வண்டி எங்கம்மா?"

"அடிபம்புல சேத்து சங்கிலி போட்டு வெச்சிகீறாரு." அவள் சிரிக்கத்தான் முயன்றாள். "எங்க ஊட்டுக்காரு கைக்கு ஓட்டு கேட்டுகினு தெருத்தெருவா சுத்துவாராம். நான் சைக்கிள் சின்னத்துல ஏறி குந்திகினு எதுர்ல வருவேனாம். மானம் போவுதாம்."

துலுக்கானத்தின் முகம் சிவந்தது. மதுரைவீரனை, அதாவது அவள் கணவனை, நடுத்தெருவில் நிறுத்திக் கேட்கவேண்டிய கேள்விகள் வரிசையாக எழுந்து நின்றன. அவர் வாய் திறப்பதற்குள் நாகவல்லி கையைக் காட்டித் தடுத்தாள்.

"இதுக்குத்தான் வந்தேன். நீ ஒண்ணும் பேசாத. அந்தாளு கெட்டவரு இல்ல, கூட்டம் சேந்தா ஆடுவாரு. ஓட்டு முடிஞ்சா அவரே அவுத்து வுட்ருவாரு. அது வரைக்கும் நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும். இருப்பியா?"

"இருக்கேன்."

"சத்தியமா?"

"சத்தியத்துல எனக்கு நம்பிக்கை இல்ல, உன்குத் தெரியும். சொன்னா சொன்னதுதான்."

சொன்னபடி இருந்தார். மற்ற எட்டுப் பெண்களும் சின்னப் பேச்சுக்கு அஞ்சி ஒவ்வொருவராகப் பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேநீர்க் கடையில் எவனோ, "இன்னா மாமே, உனக்கு எம்.எல்.ஏ. சீட்டு இல்லியா?" என்று கேட்டதற்கும் பதில் சொல்லாமல் இருந்தார். பேசிப் பழகிய வாய்க்குப் பேசாதிருப்பது பட்டினி. அந்தப் பட்டினியை மோப்பம் பிடித்தவன்போல் வந்து சேர்ந்தான் திருவேங்கடம், புதுக் கட்சியின் வட்டச் செயலாளன்.

"அண்ணாத்தே, ஞாயித்துக்கெழம சாயங்காலம் மீட்டிங். நீ பேசணும்."

"நான் கட்சி ஆளு இல்ல."

"கட்சியப் பத்தி யாரு பேசச் சொன்னது? நீ சைக்கிளப் பத்தி மட்டும் பேசு. சைக்கிளு ஏன் நல்லது, ஏழைக்கு அது இன்னா பண்ணும், பொம்பளைங்க ஏன் ஓட்டணும். அத்தத்தானே நீ வருசக்கணக்கா கத்திகினு கீற? உன்கு எப்பனா நூறு பேரு சேந்தாங்களா? நான் ஆயிரம் பேர ஒக்கார வெக்கிறேன்."

ஆயிரம் பேர்! நாகவல்லிக்குக் கொடுத்த வாக்கு நினைவில் வந்து நின்றது, நிற்கத்தான் செய்தது. ஆனால் மேடையில் பழகிய அறிவு எந்த வாக்குக்கும் ஒரு விளக்கவுரை எழுதிவிடும். கட்சியைப் பேசினால்தானே பேச்சு? கைச் சின்னத்தை ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லையே? சைக்கிளைப் பற்றிச் சைக்கிள் கடைக்காரன் பேசுவது எப்படிக் குற்றமாகும்? ஆயிரம் பேரில் நூறு பேர் மாறினால் நாகவல்லிக்கும் அது நன்மைதானே? தம்மைத் தாமே இப்படி வென்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்.

பேச்சு பிரமாதமாக அமைந்தது. "சைக்கிள்" என்று அவர் தொடங்கியதுமே விசில் பறந்தது. "சைக்கிள் ஏழையின் தேர்!" என்றார், பட்டாசு வெடித்தது. "பெண் தன் காலால் மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் ஒரு விலங்கு உடையும்!" என்றார், பறை முழங்கியது. வாழ்நாளெல்லாம் ஏங்கிய கூட்டம் கண்ணெதிரே கடலாய்க் கிடந்தது. அந்த மயக்கத்தில் மேசையைக் குத்தி, கழுத்து நரம்பு புடைக்க முழங்கினார்: "நாளைக் காலை முதல் நாங்கள் சைக்கிளில்தான் வேலைக்குப் போவோம், எங்கள் வீட்டுப் பெண்களையும் அனுப்புவோம் என்று உறுதி சொல்பவர்கள், எல்லோரும் கையைத் தூக்குங்கள்!"

ஒரு கையும் எழவில்லை.

கூட்டம் திகைத்து ஒருவரையொருவர் பார்த்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "கையி நம்மளுது இல்ல அண்ணாத்தே! ஆள் மாத்திச் சொல்ட்ட!"

சிரிப்பு அலையாய் எழுந்தது. திருவேங்கடம் பாய்ந்து வந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "அண்ணன் வாய் தவறிச் சொல்லிட்டாரு, கையி ஒழிக!" என்றான். கூட்டம் "ஒழிக!" என்று தெருவே அதிர முழங்கியது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வேன்களிலும் லாரிகளிலும் ஏறிப் போனார்கள். மேடைக்கு அருகே நின்றிருந்த ஒரே சைக்கிள் துலுக்கானத்தினுடையது. அதன் கைப்பிடியில் எவனோ கட்சிக் கொடியைக் கட்டியிருந்தான். அவர் அவிழ்த்துப் பார்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

வாக்குப்பதிவு நாளன்று பள்ளிக்கூடத்துக்கு அந்த வண்டியில்தான் போனார். சாலையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டருகே காவலர் லத்தியை நீட்டி மறித்தார்.

"சின்னத்தோட உள்ள போவக் கூடாது."

"இது வண்டிங்க."

"அதேதான் சின்னம். கோட்டுக்கு அந்தாண்ட வுட்டுட்டு நடந்து போ."

சிரிக்கவும் முடியவில்லை, சீறவும் முடியவில்லை. வேப்பமரத்தடியில் வண்டியைப் பூட்டாமலே நிறுத்திவிட்டு, வெயிலில் ஆண்கள் வரிசையில் நின்றார். பக்கத்துப் பெண்கள் வரிசையில் நாகவல்லி நின்றிருந்தாள். வெகுநேரம் அவள் திரும்பவில்லை. திரும்பியபோது குரல் தாழ்ந்தே வந்தது.

"வண்டிய காயலாங்கடையில பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு."

துலுக்கானத்துக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ கையி ஒழிகன்னு பேசினியாம். நீ குடுத்த வண்டி ஊட்டுல இருந்தா அவரு கட்சிக்காரங்க அவர இன்னான்னு கேப்பாங்க? மறுநா காலையிலயே இஸ்துகினு போயிட்டாரு."

"நான் அப்படிச் சொல்லல. நான் சொன்னது இன்னான்னா..."

"பாத்தியா, மறுபடியும் பேசுற." அவள் கண் நிறைந்தது, ஆனால் வழியவில்லை. "நான் உன்னாண்ட இன்னா கேட்டேன்? மேட கேட்டேனா? கூட்டம் கேட்டேனா? கொஞ்ச நாளு வாய மூடினு இருன்னேன். வேற இன்னா கேட்டேன்?"

வரிசை நகர்ந்தது. அவள் உள்ளே போனாள். தம் வரிசை நகர்ந்ததைக்கூட அவர் உணரவில்லை; பின்னால் நின்றவர் முதுகில் தட்டினார்.

நாகவல்லி வெளியே வந்தாள். கோட்டைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், கைச் சின்னக்காரர்களின் கீற்றுப் பந்தலில் மதுரைவீரன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் அந்தப் பக்கமாய்த்தான் நடந்தாள். வேப்பமரத்தடிக்கு வந்ததும் நின்றாள். அவள் விழுந்து எழுந்து ஓட்டப் பழகிய வண்டி அது. குனிந்து, மை வைத்த விரலோடு பின் டயரை அழுத்திப் பார்த்தாள். புறப்படும் முன் காற்று பார்க்க அவர் பழக்கிய பழக்கம். பந்தலிலிருந்து மதுரைவீரன் எழுந்து நின்றான்.

எடுத்துக்கோ அம்மா என்று கத்த வேண்டும்போல் இருந்தது துலுக்கானத்துக்கு. நூறு சொற்கள் தொண்டைக்கு ஏறி வந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்து வாசலில் அவ்வளவு பேர் நின்றும், வண்டியின் ஸ்டாண்டை அவள் காலால் தட்டிவிட்ட ஓசை, அந்தச் சிறிய உலோக ஓசை, அவர் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.