வாசலில் நின்றவர்களுக்கு ஒரு சொற்பொழிவு

எங்கள் வீட்டில் என்னை யாரும் மொலொகாடி என்று கூப்பிட மாட்டார்கள். தேங்காய் என்பார்கள். வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை. மாமன் மகன்கள் வைத்த பெயர், நாசமாய்ப் போக. என் மேல் என்ன தப்பு? எங்கள் ஊர் போலொக்வானேயில் இங்கிலீஷ் பள்ளிக்கூடமாகத் தேடிப்பிடித்துச் சேர்த்ததும் அம்மா அப்பாதான், வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசி வளர்த்ததும் அவர்கள்தான். இப்போது பன்னிரண்டாம் வகுப்பில், எங்கள் சொந்த பாஷையான செபேடியை இரண்டாம் மொழியாக எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதச் சொன்னால் எழுதுவேன். கட்டுரை, கடிதம், கதைச் சுருக்கம் எதைக் கேட்டாலும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவேன். வாய்தான் திறக்காது. குடும்பத்தில் நான் செபேடியில் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால், அது முடிவதற்குள் யாராவது சிரித்துவிடுவார்கள். ஒரு கல்யாணத்தில் நான் விருந்தாளிகளை வரவேற்றதைக் கேட்டுவிட்டு, ரேடியோவில் சோப்பு விளம்பரம் செய்கிற வெள்ளைக்காரி மாதிரி பேசுகிறாள் என்று செக்கொபேலா மாமா சொன்னார். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். பந்தியே உருண்டு உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் செபேடி பேச வேண்டுமென்றால் எனக்கு முதல் வார்த்தைக்கு மேல் வராது.

ஒத்திகைத் தேர்வில் வகுப்பின் முன்னால் நின்று வணக்கம் சொன்னேன். அதோடு சரி. மொகாயெட்ஸி டீச்சர் பாவம் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு முட்டை போட்டார். திங்கட்கிழமை நிஜமான வாய்மொழித் தேர்வு. நான் சேர ஆசைப்படுவதோ சின்னப் பிள்ளைகளுக்கு செபேடியில் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் படிப்பு. பேச்சில் முட்டை வாங்கினவளை அங்கே வாசல்படி ஏற விடுவார்களா?

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்த தலைப்பு, பெண் கேட்டு மாடு கொடுக்கும் வழக்கம் இந்தக் காலத்துக்குத் தேவையா என்பது. தேவையே இல்லை என்று எழுதி, மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். மனுஷ முகம் எதிரே வந்தால்தான் கதை கந்தலாகிவிடும்.

போதாக்குறைக்கு, தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை என் அக்கா ரமொகோனேயைப் பெண் கேட்டு வந்தார்கள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அக்கா வழக்கப்படி போர்வையைப் போர்த்திக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையனுக்காக மூன்று வருஷமாகக் காத்திருப்பவள். மாப்பிள்ளை வீட்டார் விடியும்போதே வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். மாமா ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, கோழிக்காலைக் கடித்தபடி, வெளியே யாராவது நிற்கிறார்களா என்ன, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார். எவ்வளவு நேரம் காக்க வைக்கிறோமோ அவ்வளவு மதிப்பு பெண்ணுக்கு. உள்ளே கூப்பிடும்வரை வந்தவர்கள் வீட்டு ஆட்களிடம் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அபராதம். மாமாவுக்குக் கோபம் வந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பவும் செய்வார்.

எனக்கு ஒத்திகை பார்க்க ஒரு மூலை கிடைக்கவில்லை. சமையல்கட்டில் அத்தைமார், கொல்லையில் மாமன் மகன்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போனேன். அங்கே புழுதிக் காற்றில் மூன்று கிழவர்களும் ஓர் அம்மாளும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெண் கேட்க வந்தவர்கள் பணிந்துதான் நிற்க வேண்டும். பெண் வீட்டு நாய் குரைத்தால்கூட மரியாதையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படியானால் இவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது. உலகத்திலேயே என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாத நாலு பேர் என் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஆரம்பித்தேன். முதல் வரியில் குரல் நடுங்கியது. ஒருவர் முகத்திலும் சலனமில்லை. இரண்டாவது வரி வந்தது, மூன்றாவது வந்தது. பெண் என்ன கொட்டிலில் நிற்கிற பசுவா, மாட்டுக்கு மாடு மாற்றிக்கொள்ள என்று நான் கையை நீட்டிக் கேட்டபோது, பெண்ணுக்கு மாடு பேச வந்த அந்த நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்கள். எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. முழுசாகப் பேசி முடித்தேன், என் வாழ்க்கையில் முதல் தடவையாக. சந்தோஷத்தில் அவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினால், ஜன்னல் திரை விலகியிருந்தது.

அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததும் மாமா எடுத்த எடுப்பில் அதைத்தான் பிடித்தார். கூப்பிடும் முன்பே எங்கள் வீட்டுப் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறீர்கள், இது என்ன பழக்கம் என்றார். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் லெக்காவு என்கிற பெரியவர். அவர் நிதானமாக, நாங்கள் வாய் திறக்கவில்லை, பிள்ளைதான் பேசியது, நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம் என்றார்.

"யாரு, அவளா?" என்றார் மாமா. "எந்தப் பாஷையில பேசினா?"

"செபேடியில, ஐயா."

"அந்தப் புள்ளைக்குச் செபேடியில உப்பு கேக்கத் தெரியாது. நீங்கதான் அவகிட்ட இங்கிலீஷ்ல வாயக் குடுத்திருக்கீங்க. வாசல்லயே பொய் சொல்ற வீட்டுக்கு நாங்க பொண்ணு குடுக்கறதா இல்ல."

சும்மா மிரட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மாமா சபையை விட்டுக் கிளம்ப எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். உள் அறையிலிருந்து அக்கா விசும்புகிற சத்தம் கேட்டது. லெக்காவு பெரியவர், பிள்ளையையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார்.

கூப்பிட்டார்கள். சாட்சி சொல்கிறவள் பாயில் மண்டியிட்டு வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் செல்லாது. அதுவும் செபேடியில்தான். ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார். இன்னொரு பக்கம் மாமா, சித்தப்பாக்கள், அத்தைமார். கதவோரம் மாமன் மகன்கள், இப்போதே உதட்டைக் கடித்துக்கொண்டு.

"சொல்லு, தேங்காய்" என்றார் மாமா. "என்னதான் பேசின?"

வேறு எதையும் சொல்ல எனக்கு வராது. மனப்பாடம் செய்த ஒன்றுதான் வரும். அதையே ஆரம்பித்தேன். மாடு கொடுத்துப் பெண் எடுக்கிற வழக்கம் இந்தக் காலத்துக்குத் தேவையா என்று, மாடு பேச உட்கார்ந்திருந்த சபையைப் பார்த்துக் கேட்டேன். மாமா ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுவிட்டார். நடுவில் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தேன். கதவோரம் களுக்கென்று ஒரு சிரிப்பு. மாமா சட்டென்று திரும்பி மகனை முறைத்தார். வெளியார் முன்னால் தன் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது குடும்பத்துக்கே தலைகுனிவு. அவன் வாயைப் பொத்திக்கொண்டான். நான் தொடர்ந்தேன். அன்று எனக்கு எப்படி அவ்வளவு தைரியம் வந்ததோ தெரியாது, கடைசி வரிவரை போனேன்.

சபையில் பேசி முடித்தவரை அவருடைய குலப் பெயரைச் சொல்லி அங்கீகரிப்பது எங்கள் வழக்கம். அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நோகோ" என்றார். முள்ளம்பன்றி. என் அப்பாவின் குலம்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாங்க கேட்டது இதுதான், ஐயா" என்றார் லெக்காவு பெரியவர். "அப்பவும் பதில் சொல்லல, இப்பவும் சொல்லமாட்டோம். சொன்னா எங்களுக்குப் பொண்ணு கிடைக்காது."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். விருந்தாளிகளுக்கு இஞ்சிச் சாறு வந்தது. மாட்டுப் பேச்சும் ஆரம்பித்தது, என் சொற்பொழிவையெல்லாம் யார் சட்டை செய்தார்கள்? சாயங்காலம் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு ஒரு முத்தமும், கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்ததற்காக முதுகில் ஓர் அடியும் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வகுப்பின் முன்னால் போய் நின்றேன். மொகாயெட்ஸி டீச்சர் பேனாவைத் திறந்தார். அதே சொல்லில் மறுபடியும் தடுக்கினேன். கடைசி வரிசையில் ஒருத்தன் சத்தம் போட்டுச் சிரித்தான், அவனைப் பார்த்து இன்னும் சிலர் சிரித்தார்கள். இங்கே அவர்களை முறைக்க மாமா இல்லை. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்தார்கள். நான் விட்ட இடத்திலிருந்து பேசினேன்.