நாலாவது நிறுத்தம்

கார்புரேட்டரின் மேலிருந்த சின்னப் பொத்தானை நீவெஸ் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தாள். பெட்ரோல் கசிந்து விரல் நனைந்ததும் விட்டாள். இடது பக்கத்துக் கிக்கரில் ஒரே ஓர் உதை. அறுபது வருஷத்து வண்டி, தூங்கி எழுந்த பிள்ளைபோல ஒரு தும்மல் போட்டுவிட்டு, படபடவென்று பேச ஆரம்பித்தது. பக்கத்தில் பெரிய வண்டிக்காரர் ஒருவர் கால் மணி நேரமாக உதைத்து உதைத்து வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே காலையில் சீக்கிரம் எழுந்திருக்கலாம் என்று நீவெஸுக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

ஆலா வெர்தே அந்த வண்டியின் பெயர். இருநூற்றைம்பது சிசி. சிலிண்டர் நிமிர்ந்து நிற்காது, முன்னால் காலை நீட்டிப் படுத்திருக்கும். கீழே, இத்தாலியின் வரேசே ஏரிக்கரைத் தொழிற்சாலையில் பிறந்தது. அமெரிக்கக்காரர்கள் அந்தத் தொழிற்சாலையில் பாதிப் பங்கு வாங்கியபிறகு, கல்யாணப் பத்திரிகையில் இரண்டு வீட்டார் பெயரையும் போடுவதுபோல, ஏர்மாக்கி ஹார்லி டேவிட்சன் என்று வண்டியில் சேர்த்தே போட்டார்கள். ஹார்லி என்றாலே யானை அளவு வண்டி; அந்தப் பெயரை இதில் பார்த்துவிட்டு, எங்கே மிச்ச வண்டி என்று கேலி செய்யாதவர்கள் ஊரில் பாக்கியில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? அவள் அப்பா ஓட்டிய காலத்தில், சாக்ரோ மோன்தே மலை ஏறும்போது கேலி செய்தவர்களில் பாதிப் பேர் அதன் புகையைத்தான் பார்த்தார்கள்.

ஆனால் இன்று புகை காட்டுவதற்கான நாள் இல்லை. செப்டம்பர் மாதத்து இந்தப் பழைய வண்டிப் போட்டியில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. அடிவாரத்திலிருந்து மேல் கோவில் வாசல்வரை இரண்டு தடவை ஏற வேண்டும். முதல் தடவை எவ்வளவு நேரம் எடுத்தாயோ, இரண்டாவது தடவையும் அச்சுப் பிசகாமல் அதே நேரம் எடுக்க வேண்டும். யாருக்கு வித்தியாசம் குறைவோ அவருக்கு முதல் பரிசு. முந்தி வந்தாலும் தோல்வி, பிந்தி வந்தாலும் தோல்வி.

நீவெஸுக்கென்றே வைத்ததுபோல ஒரு போட்டி. இருபத்தெட்டு வருஷமாக இதே மலைக்கு, இதே சாலையில், நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். பதினோரு வளைவு, ஏழு நிறுத்தம். எந்த நிறுத்தத்தில் எந்த நிமிடம் இருக்க வேண்டுமென்று கடிகாரம் பார்க்காமல் சொல்வாள். அவள் பேருந்து வருவதைப் பார்த்து அடுப்பில் பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைக்கிற வீடுகள் அந்த மலையில் உண்டு. மற்ற போட்டியாளர்கள் வண்டியில் ஸ்டாப்வாட்சைக் கட்டிக்கொண்டு வருவார்கள். இவள் வெறுங்கையோடு வருவாள்.

போன ஞாயிற்றுக்கிழமைவரை இது வெறும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அண்ணன் கில்தோ வீட்டு முற்றத்தில் ஒரு மரப்பெட்டியைப் பார்த்தாள். புத்தம் புதிய பலகை. ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிற நீளம். பக்கத்தில் உயரமான ஓர் அமெரிக்கர், கையில் தொப்பியோடு.

"இவர் பேரு ட்வேன். விஸ்கான்சின்லேர்ந்து வந்திருக்கார்," என்றார் கில்தோ, கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டே. "பதினாறு வயசுல இவர் ஓட்டக் கத்துக்கிட்டதே இந்த வண்டிலதானாம். அங்க ஸ்பிரிண்ட்னு பேரு. ஒம்பதாயிரம் யூரோ தர்றார்."

"யாரு வண்டிய யாரு விக்கிறது?"

"அப்பா ரெண்டு பேர் பேர்லயும்தான் எழுதி வச்சிட்டுப் போனார்."

"அதத்தான் நானும் சொல்றேன். என் பாதிய நான் விக்கல. உன் பாதிய வேணா அறுத்துக் கொடு. முன்சக்கரம் வேணுமா, பின்சக்கரம் வேணுமான்னு அவர்கிட்டயே கேளு."

ட்வேனுக்கு மொழி புரியவில்லை. விஷயம் புரிந்தது. நாகரிகமான மனிதர், போய் ரோஜாச்செடியைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார்.

கில்தோவின் முகம் சிவந்தது. "எனக்கு இடுப்பு மாத்தி ரெண்டு வருஷமாச்சு. இனிமே கால் தூக்கிப் போட்டு அத ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ என் வீட்டு வாசல் வழியா டபடபன்னு போற. நான் சமையக்கட்டுல ஒக்காந்து காபி குடிச்சிட்டு அதக் கேட்டுக்கிட்டிருக்கேன். வித்துட்டா ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆயிடும் பாரு."

எவ்வளவு பொல்லாத வார்த்தை! ஆனால் பொய் இல்லை. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. அண்ணன் பொறாமைப்படுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். அதை இப்படிப் பெட்டியடித்து முற்றத்தில் வைப்பான் என்று எதிர்பார்க்கவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வருகிற போட்டியில் அவள் முதல் பரிசு வாங்கினால் பெட்டி வெறுமனே போகும். வாங்காவிட்டால் ஆலா வெர்தே பெட்டிக்குள் போகும்.

"ரெண்டாவது வந்தா?" என்று கேட்டாள்.

"பெட்டிதான்," என்றார் கில்தோ.

இன்று முதல் ஓட்டம் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோலப் போனது. ஐந்து நிமிடம் இருபது நொடி. மேலே ஏற ஏற ஏரி கீழே விரிந்துகொண்டே போனது. கஷ்கொட்டை மரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் அடித்தன. நாலு கியரும் அவள் சொல்லுக்குக் காத்திருந்ததுபோல விழுந்தன. இதைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் அடைப்பதா என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே கேட்டாள்.

மொத்தம் நாற்பத்து மூன்று வண்டிகள். தாமதமாகப் பெயர் கொடுத்ததால் அவளுடையது கடைசி. இரண்டாவது ஓட்டத்துக்கு அவள் முறை வருவதற்குள் மற்ற எல்லாருடைய கணக்கும் முடிந்துவிட்டது. வித்தியாசம் நாலு நொடி, இரண்டு நொடி என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு பல் டாக்டர் அரை நொடிக்குள் வந்துவிட்டாராம். கூட்டம் ஹோவென்றது. ஆக, அவள் அதற்கும் குறைவாக வர வேண்டும். அரை நொடிதானே, இருமினால் போய்விடும். நீவெஸுக்கு ஒரு குஷி பிடித்துக்கொண்டது. வா பார்க்கலாம் என்று பெட்ரோல் தொட்டியைத் தட்டினாள்.

கொடி விழுந்தது.

முதல் நிறுத்தம், மருந்துக்கடை, சரியாக அதே நொடி. இரண்டாவது, பள்ளிக்கூடம், அதே. மூன்றாவதில் வளைவை முடித்து நிமிர்ந்தபோது அவளுக்குள் இருந்த கடிகாரம் சபாஷ் என்றது. பல் டாக்டரே, உம் பாடு திண்டாட்டம்தான் என்று நினைத்துக்கொண்டாள். நாலாவது நிறுத்தம், கோவிலுக்குப் போகும் வழியில் வரிசையாக இருக்கும் சிற்றாலயங்களில் முதலாவதன் பக்கத்தில். அங்கே பெஞ்சில் எப்போதும்போல எர்மினியா அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எண்பது வயது. செவ்வாயும் வெள்ளியும் நீவெஸின் பேருந்தில்தான் மேலே போய்வருவாள். நீவெஸைப் பார்த்ததும் ஆனந்தம் தாங்காமல் எழுந்து நின்று வலது கையை உயர்த்தினாள்.

உயர்த்திய கை! இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கையைப் பார்த்ததும் என்ன செய்தாளோ, அதையே நீவெஸின் உடம்பு செய்தது. வலது கால் பிரேக்கைத் தேடி அழுத்தியது. பேருந்தில் பிரேக் அங்கேதான் இருக்கிறது. ஆலா வெர்தேயில் அங்கே இருப்பது கியர். பின்பிரேக் இடது காலுக்கு. கியர் தடாலென்று மாறி, எஞ்சின் அலறி, பின்சக்கரம் துள்ளியது. அப்புறம்தான் இடது காலுக்குப் புத்தி வந்து மிதித்தது. வண்டி நிறுத்தப் பலகைக்கு நேரே, ஓரங்குலம் பிசகாமல், அழகாக நின்றது. எஞ்சின் மட்டும் அணையவில்லை, புண்ணியம்.

"மேல வரைக்குமா?" என்று கேட்டேவிட்டாள் நீவெஸ்.

"ஐயோ, பாவி! நான் ஏறலடி!" என்று அலறினாள் எர்மினியா. "வாழ்த்துறதுக்குத்தான்டி கையத் தூக்கினேன்! போ! போடி!"

எத்தனை நொடி போயிற்று? ஏழா? பத்தா? தெரியவில்லை. அதுதான் பயங்கரம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குள் இருந்த கடிகாரம் நின்றுபோயிருந்தது. இனிமேல் கணக்குப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள். திருகி, அது முட்டி நின்ற இடத்தில் பிடித்தாள்.

இந்த வண்டியை அவள் இப்படி ஓட்டியதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டியிருக்கிறாள், அதையும் ஒரு பேருந்தைப்போலத்தான் ஓட்டியிருக்கிறாள்! இப்போது ஆலா வெர்தே கீழே படுத்துத் தார்ச்சாலையை முகர்ந்துகொண்டு ஓடியது. கல் சுவர் தோளை உரசுவதுபோல வந்து வந்து விலகியது. காது அடைத்தது. ஐந்தாவது நிறுத்தம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆறாவது வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது, அவள் பெட்டியை மறந்தாள், டாக்டரை மறந்தாள், ஐம்பத்தொன்பது வயதையும் மறந்தாள். வாய்விட்டுக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. சந்தோஷம் என்றால் இப்படியா இருக்கும்! தெரிந்திருந்தால் எப்போதோ தப்புச் செய்திருக்கலாம்.

பத்தாவது வளைவைத் தாண்டியதும் புத்தி மெல்லத் திரும்பியது. அதிகமாக விரட்டிவிட்டோமோ? ஆமாம், நிச்சயம் அதிகம். இப்போது முந்திக்கொண்டு போகிறோம். கையைத் தளர்த்து, மெதுவாக, மெதுவாக என்று உள்ளேயிருந்து பேருந்துக்காரி சொன்னாள். கை தளரத் தொடங்கியது.

கடைசி வளைவில் கில்தோ நின்றிருந்தார்.

கீழே நாலாவது நிறுத்தமும் மேலே முடிவுக் கோடும் தெரிகிற அந்த வளைவில் ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒரு சொந்தக்காரர் ஸ்டாப்வாட்சோடு நிற்பது வழக்கம். ஒலிபெருக்கியில் புறப்பாடு சொன்னதும் அமுக்குவார்கள். கையைச் சுழற்றினால் விரட்டு என்று பொருள். உள்ளங்கையைத் தாழ்த்தினால் மெதுவாகப் போ. நீவெஸுக்காக யாரும் அங்கே நின்றதே இல்லை. இன்று அவள் கூப்பிடவும் இல்லை. கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, கைத்தடியில் சாய்ந்தபடி, கில்தோ இன்னொரு கையைச் சுழற்றினார். விரட்டு! விரட்டு!

பொய் சொல்கிறானா? சீட்டாட்டத்தில் கில்தோ நியாயமாக ஜெயித்து அவள் பார்த்ததில்லை. சின்ன வயதில் கேக்கைச் சரிபாதி வெட்டுகிறேன் என்று சொல்லி முக்கால் பங்கைத் தின்றவன். அவள் தோற்றால்தான் அவன் நினைத்தது நடக்கும். பெட்டி தயாராக நிற்கிறது. இருபத்தெட்டு வருஷத்துக் கடிகாரம் மெதுவாக என்கிறது. திருட்டு அண்ணன் விரட்டு என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

அவன் கையைச் சுழற்றிய வேகத்தில் தடி நழுவிக் கீழே விழுந்ததை அவள் பார்த்தாள். அவன் அதைக் குனிந்து பார்க்கவில்லை. வாய் திறந்திருந்தது. என்னவோ கத்திக்கொண்டிருந்தான். கண் அவள் மேலே இல்லை, வண்டி மேலே இருந்தது.

நீவெஸ் முழுக்கத் திருகினாள்.

கோடு பறந்து பின்னால் போனது. கோவில் வாசல் கல்தளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். ட்வேன் அங்கே காத்திருந்தார். பக்கத்தில் வந்து, குனிந்து, எஞ்சினிலிருந்து எழுந்த சூட்டில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கிக்காரர் தொண்டையைக் கனைத்தார். நடுவர்கள் இன்னும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், கொஞ்சம் பொறுக்க வேண்டுமாம்.

அப்போது சரிவில் கில்தோ வந்தார். தடி இல்லை. நடை என்றும் சொல்ல முடியாது, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. நெஞ்சில் ஸ்டாப்வாட்ச் இடிக்க இடிக்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தார். முகம் முழுக்க வியர்வையா கண்ணீரா என்று சொல்வது கடினம்.

"எதுக்குடி அங்க நின்ன?" என்றார் மூச்சு வாங்க.

"எர்மினியா கை காட்டினாங்க."

கில்தோ அவளை முறைத்துப் பார்த்தார். அப்புறம் வெடித்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஸ்டாப்வாட்சைக் கழற்றி அவள் கையில் வைத்தார். ஐந்து நிமிடம் இருபது நொடி என்று இருந்தது. நொடிக்கும் குறைந்த கணக்கைக் காட்டுகிற சின்ன முள்ளை நீவெஸ் பார்ப்பதற்குள் அவர் கட்டைவிரலால் மறைத்தார்.

"பல் டாக்டருக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றாள்.

"அத அவங்க சொல்லிக்கட்டும். நீ மேல வந்தப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு பாரு. அப்பா ஓட்டுற காலத்துலகூட அந்தச் சத்தம் நான் கேட்டதில்ல. பெட்டிக்குள்ள வச்சா அது யாருக்குக் கேக்கும்?" ட்வேனைப் பார்த்துக் கையை விரித்தார். ட்வேன் தொப்பியைக் கழற்றினார். வண்டி விற்பனைக்கு இல்லை என்று அவருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. "இவர என் காலக் கொஞ்சம் தூக்கி விடச் சொல்லு."

"எதுக்கு?"

"ஏறத்தான். ஓட்டத்தான கூடாதுன்னான் டாக்டர்? பின்னாடி ஒக்காரக் கூடாதுன்னு சொல்லலியே."

ட்வேன் காலைப் பிடித்துத் தூக்க, நீவெஸ் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க, ஐயோ அம்மா என்ற சத்தத்தோடு கில்தோ பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஒரே உதை. ஆலா வெர்தே பேச ஆரம்பித்தது. ஒலிபெருக்கி நாற்பத்து மூன்றாம் எண் என்று தொடங்கி, நீவெஸின் பெயரைச் சொல்லி, எண்களைப் படித்தது. கூட்டம் ஏதோ கத்தியது. இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் முதல் வளைவுக்குள் இறங்கிவிட்டிருந்தார்கள். கில்தோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வேகமா, இன்னும் வேகமா என்று காதருகே கத்திக்கொண்டே வந்தார்.

நாலாவது நிறுத்தத்தில் எர்மினியா அம்மாள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வண்டி வருவதைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். பிறகு சட்டென்று நினைவு வந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றாள்.