கட்டில் அறிக்கை

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருகிறவற்றில் பாதிக்கு மேல் நானாகச் சேர்த்தது, கைதட்டல் மட்டும் நான் காதால் கேட்டது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் வியாழக்கிழமைதோறும் ஒரு சேவைச் சங்கம் கூடுகிறது. 'சிறுகதை எழுதுவது எப்படி' என்று பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எப்படி என்று தெரிந்தவர்கள் அன்று ஊரில் இல்லை போலிருக்கிறது. தலைவர் மணியடித்தார். போன வாரக் கூட்டக் குறிப்பு வாசித்தார்கள். ரத்ததான முகாம் அறிக்கை, கைதட்டல். பத்துமலைத் தண்ணீர்ப் பந்தல் அறிக்கை, கைதட்டல். மூக்குக்கண்ணாடி அறிக்கை, கைதட்டல். பிறகு ஒருவர் எழுந்து, "கட்டில் அறிக்கை. காஜாங்குக்குப் போன கட்டில் திரும்பி வந்திருச்சு. மத்ததெல்லாம் யூஸ்ல இருக்கு" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டி முடித்த பிறகுதான் அது என்ன கட்டில் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் சங்கம் இரவல் கொடுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலாம். கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும்.

"எப்போது திரும்பி வரும்?" என்றேன்.

அவர் கையிலிருந்த கறிபாப் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆளு போனதும் வரும்லா" என்றார்.

அன்று சிறுகதை பற்றி நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. கேட்டவர்களுக்கும் இருக்காது.

2

தொடக்கங்கள்.

"ஜெயமாலா போனை எடுத்தார்." எல்லாரும்தான் எடுக்கிறார்கள்.

"மரணம் என்பது சிலருக்கு ஒரு—" இது எங்கே போய் முடியும் என்று எழுதும்போதே தெரிந்துவிட்டது. வேண்டாம்.

"கிள்ளான் பள்ளத்தாக்கின் எண்ணற்ற வீடுகளில், எண்ணற்ற—" எண்ணற்றது என்று எழுதுகிறவன் எண்ணிப் பார்க்கச் சோம்பல்படுகிறவன். இதுவும் வேண்டாம்.

ஜெயமாலா யார் என்று சொல்லவேண்டும். உண்மையில் அன்று அறிக்கை வாசித்தவர் ஓர் ஆண், அதுவும் அடர்த்தியான மீசைக்காரர். அவரை வைத்து எழுதிப் பார்த்தேன், மீசை ஒவ்வொரு காட்சியிலும் குறுக்கே வந்தது. ஜெயமாலாவை அதனால்தான் உண்டாக்கினேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க உத்தியோகம், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பல் பார்க்கும் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேன் வாசலில் நின்றால் பிள்ளைகள் கழிவறைக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்களாம். வலிக்கப் போகிறது என்று தெரிந்த முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகியவர் என்பதால் இந்த வேலைக்குப் பொருத்தமாக இருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

[இந்த இடத்தில், அவருடைய கணவர் இதே மாதிரி ஒரு கட்டிலில் படுத்திருந்து இறந்துபோனார் என்று கண்ணீர் வரும்படி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது. அடித்துவிட்டேன். ஒருவர் நாலு பேருக்கு உதவுவதற்குச் சொந்தத் துக்கம் ஒன்றை அத்தாட்சியாகக் காட்டவேண்டுமா என்ன? கணவர் சௌக்கியமாக இருக்கிறார். கூடத்தில் டிவியில் பூப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார், சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.]

3

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், கட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஜெயமாலா ஒவ்வொன்றாகப் போன் செய்வார். காத்திருப்பவர்கள் எப்போதும் இருப்பதால் இது வாரா வாரம் நடக்க வேண்டிய வேலை. கேட்க வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை எப்படித் தொடங்குவது? எனக்கு இருக்கும் அதே தொல்லைதான் அவருக்கும்.

ஆரம்பத்தில் அவர், "அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் தொடங்கினார். மனிதர்கள் அப்படித்தானே தொடங்குவார்கள். பூச்சோங்கில் ஒரு பெண், நீங்களாவது கேட்டீர்களே என்று தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஜெயமாலாவும் கூடவே அழாத குறைதான். கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு அந்தப் பெண், "ஆன்டி, நீங்க கட்டிலுக்குத்தானே போன் பண்ணீங்க?" என்றாள்.

அவள் அதைக் கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகக் கேட்டாள். ஜெயமாலாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அன்றோடு நலம் விசாரிப்பதை விட்டுவிட்டார். கட்டிலுக்காகப் போன் செய்கிறோம், கட்டிலைப் பற்றி மட்டும் கேட்போம், அதிலாவது பாசாங்கு இல்லாமல் இருக்கட்டும் என்பது அவர் கட்சி. "சங்கத்துல இருந்து ஜெயமாலா பேசறேன். கட்டில் இன்னும் யூஸ்ல இருக்கா?" அவ்வளவுதான். இதயமில்லாத பேச்சு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது, அதனாலேயே அவர் மேல் கொஞ்சம் சந்தேகமும் வந்தது. ஆனால் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் அவர் எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவதைப் பார்த்தபின் அவரை நம்பத் தொடங்கினேன்.

பண்டமாரானில் பாலன் என்பவர் வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அம்மா மாரியாயிக்காக வாங்கிப் போனது. ஜெயமாலா எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "இருக்கு ஆன்டி."

4

செமினியில் ஷாமினி இருக்கிறாள். பாலர் பள்ளி ஆசிரியை. அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம். தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருக்கிறாள். கட்டிலுக்குக் காத்திருப்பவர்களில் முதல் ஆள் அவள்தான். அந்தப் புதன்கிழமை, ஜெயமாலா எல்லாருக்கும் பேசி முடித்த பிறகு அவளே அழைத்தாள்.

"ஆன்டி, நான் அவசரப்படுத்தலை. சும்மாதான் கேக்கிறேன்."

"தெரியும்மா. அப்பாவுக்கு முதுகுப் புண்ணு ஆறுதா?"

"பெரிசாயிட்டு வருது ஆன்டி. தரையில போடாதீங்கன்னு நர்ஸ் சொல்றாங்க. குனிஞ்சு குனிஞ்சு திருப்பி எனக்கு இடுப்பு போயிருச்சு. நேத்து திருப்பறப்ப ரெண்டு பேரும் அப்படியே சாஞ்சிட்டோம். அப்பா சிரிச்சாரு. நான்தான் அழுதேன்."

ஜெயமாலா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இப்படிப் போன் பண்ணிக் கேக்கவே எனக்கு என்னமோ மாதிரி இருக்கு ஆன்டி. யாரு எப்ப போவாங்கன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி."

அப்படியெல்லாம் நினைக்காதே என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கூட்டத்தில் தன் முறை வந்ததும் எழுந்தார். "கட்டில் அறிக்கை. எல்லாம் யூஸ்ல இருக்கு. செமினியில ஒருத்தருக்கு ரொம்ப அவசரம்."

கைதட்டலுக்கு முன்னால் யுகேந்திரன் கையைத் தூக்கினார். லோரி வைத்திருப்பவர், கட்டில்களை ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. "அக்கா, பண்டமாரான் பாசார்ல காய் வாங்கறப்ப ஒருத்தன் சொன்னான். பாலனோட அம்மா போய்ட்டாங்களாம். போன மாசமே."

"அப்பாடா, அப்ப செமினிக்குக் கட்டில் கிடைச்சிரும்லா!" என்றார் தலைவர் கமலநாதன்.

நல்ல மனுஷர்தான். சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் மேசை மேலிருந்த மணியை எடுத்து ஒருதரம் அடித்தார். கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் எழுந்துகொண்டார்கள்.

"நேத்துதான் கேட்டேன். இருக்குன்னு சொன்னாரே" என்றார் ஜெயமாலா.

"அம்மா எப்படின்னு கேட்டீங்களா அக்கா?"

"அத நான் கேக்கிறதில்லை."

"மாரியாயின்னு பண்டமாரான்ல ஒருத்தரா ரெண்டு பேரா? வேற யாராவது இருக்கும்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை லோரியை எடுத்துக்கொண்டு நேரே போய்ப் பார்த்துவிடலாம் என்றார் கமலநாதன்.

"வாசல்ல லோரிய நிறுத்திட்டு, உங்கம்மா இருக்காங்களான்னு கேக்கச் சொல்றீங்களா?" ஜெயமாலா சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். "நான் தனியா போறேன்."

5

நியாயமாகப் பார்த்தால் கதை இப்போது சனிக்கிழமைக்குப் போகவேண்டும். நான் போகவில்லை. முடிவு தெரியாமல் ஒரு வயதான பெண்மணியைப் பண்டமாரான் வரைக்கும் அலைய விடுவானேன் என்று, முடிவுகளை முதலில் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. "மாரியாயி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் நினைவில் பாலன் தினமும் அந்தக் கட்டிலிலேயே—" கட்டில் செமினிக்குப் போகிறது, ஷாமினியின் இடுப்பு நிமிர்கிறது, எல்லாருக்கும் தொண்டை அடைக்கிறது. கச்சிதம். ஆனால் இதற்கு எனக்குச் செலவானது என்ன? ஒரே ஒரு வாக்கியம். ஒரு கட்டிலைக் காலி செய்வதற்காக ஒரு மனுஷியைத் தீர்த்துக்கட்டியிருக்கிறேன், அதுவும் அவரை ஒரு சொல் பேசவிடாமல்.

[மாரியாயி இந்தக் கதையில் பேசமாட்டார். பேசினால் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும். பேசாவிட்டால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள். எனக்கு வேறு வழியில்லை.]

இரண்டாம் முடிவு. மாரியாயி தலைமாட்டை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார். பாசார்க்காரன் சொன்னது வேறு மாரியாயி. சந்தோஷம்தான். அப்படியே பக்கத்தைத் திருப்பினால் செமினியில் ஷாமினி தரையில் மண்டியிட்டு அப்பாவைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், புண் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

மூன்றாம் முடிவு. ஒரு புண்ணியவான் புதுக் கட்டில் ஒன்றை வாங்கித் தருகிறார். இதை எழுதும்போது எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது, அப்போதே உஷாராகியிருக்கவேண்டும். ஷாமினிக்குப் பின்னால் ரவாங்கில் ஒருவர் காத்திருக்கிறார், அவருக்குப் பின்னால் காப்பாரில் ஒருவர். புதுக் கட்டில் வந்தாலும் புதன்கிழமை மத்தியானம் ஜெயமாலா போனை எடுத்தே ஆகவேண்டும். புண்ணியவானுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

6

ஆகவே சனிக்கிழமை, முடிவில்லாமலேயே, ஜெயமாலா சென்ட்ரல் நிலையத்தில் கொமூட்டர் ரயில் ஏறினார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தார். சுபாங் ஜெயா வரும்போது, "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்று ஒன்று கிடைத்தது. பொய், ஷா ஆலம் வருவதற்குள் அதை விட்டுவிட்டார். "கட்டிலுக்குத் திருகாணி எல்லாம் சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்." பாடாங் ஜாவா வரை இது தாங்கியது. பிறகு, தாயைப் பறிகொடுத்தவனாக இருந்தால் அவன் முன்னால் திருகாணியைத் தடவிக்கொண்டு நிற்கும் தன்னை நினைத்துப் பார்த்து, சீ என்று தலையை ஆட்டினார். எதிரில் இருந்த மலாய்ப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

கிள்ளானில் இறங்கியதும் வேறொரு சங்கடம். பழக்கடை. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகமாட்டார். துக்க வீட்டுக்குப் போகிறவர் எதையும் எடுத்துப் போகமாட்டார். ஜெயமாலா கடைக்கு முன்னால் நின்றார், கொஞ்சம் நடந்தார், திரும்பி வந்தார். "என்ன ஆன்டி, ஆப்பிளா ஆரஞ்சா?" என்றான் கடைக்காரன். ஆரஞ்சுகள் வாங்கிக் கைப்பையின் அடியில் போட்டு, மேலே குடையையும் துண்டையும் வைத்து மூடினார். ஏதோ திருடிக்கொண்டு போகிறவர் போல கிராப் வாடகைக் காரில் ஏறினார்.

காரில் போகும்போது அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. என் மேல்தான் என்று நினைக்கிறேன். ஒருவர் போனால்தான் இன்னொருவர் நிம்மதியாகப் படுக்கலாம் என்கிற ஏற்பாட்டுக்கு நடுவில் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. செமினியில் அந்தப் பெண்ணின் இடுப்பு போய்க்கொண்டிருந்தது.

7

வரிசை வீடு. கம்பிக் கதவுக்குப் பின்னால் பாலன் வந்து நின்றார். பனியனும் கைலியும். தூங்கி எழுந்த முகம். இரவு ஷிப்டாக இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம்.

"சங்கத்து ஆன்டிதானே? வாங்க, உள்ள வாங்க."

உள்ளே சுவரில் மாலை போட்ட படம் ஏதாவது தெரிகிறதா என்று நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வாசிப்பேன். அந்தச் சுவரை நான் இன்னும் எழுதவில்லை. ஜெயமாலாவும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தெரியாதவர் போலக் கேட்கக் கூடாது என்று பிடிவாதமாகப் பாலனின் கண்களை மட்டும் பார்த்தார். கிள்ளான் வரை ஒத்திகை பார்த்த எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. நான் அவருக்கு எழுதிக் கொடுத்திருந்ததும் வரவில்லை. அவராகவே பேசினார்.

"பாலன், செமினியில ஒருத்தருக்குக் கட்டில் வேணும். புண்ணு வந்து தரையில கிடக்கார். அதுக்காகத்தான் வந்தேன். அத முதல்ல சொல்லிட்டேன், அப்புறம் நீங்க என்னைப் பத்தி வேற மாதிரி நெனைக்கக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "இத்தனை நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்காமலே விட்டுட்டேன். இப்ப கேக்கிறேன். அம்மா எப்படி இருக்காங்க?"

பாலன் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றார். இத்தனை வாரமும் பட்டென்று பதில் சொன்ன மனுஷர், ஜெயமாலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்குவது போல இருந்தது. கலங்குவதற்கு அம்மா இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. யாராவது கேட்டாலே போதும்.

இப்போது வாயைத் திறக்கிறார். நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து என் நாற்காலியில் உட்காருங்கள்.

பதில் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். இரண்டு பதில்களும் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. எதைப் போட்டாலும் ஒருவரிடம் போய் நான் முகம் காட்டமுடியாது. அம்மா போய்விட்டார் என்று நீங்கள் எழுதினால், கட்டிலைக் கழற்றும்போது பாலனோடு நீங்களும் ஒரு பக்கம் பிடியுங்கள். அவரைத் தனியாக விடவேண்டாம். அம்மா இருக்கிறார் என்று எழுதினால் நல்லது, எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் சாயங்காலம் செமினியிலிருந்து போன் வரும். ஜெயமாலா களைத்துப்போயிருப்பார், அவரை எழுப்பாதீர்கள். நீங்களே எடுத்து ஷாமினியிடம் சொல்லிவிடுங்கள்.