சாக்கட்டிச் சோதனை

1987ஆம் ஆண்டு மார்ச் 12, வியாழக்கிழமை. வானம் மேகமூட்டமாக இருந்தது. காற்று இல்லை, புழுக்கம் மிகுதி.

அன்று பிற்பகல் எங்கள் பட்டறையில், நான் பற்றவைத்த நீராவிக் கலன் சோதிக்கப்பட்டது. கலனில் நீர் நிரப்பிப் பம்பினால் அழுத்தம் ஏற்றுவர். அழுத்தமானியின் முள் பதினைந்தில் அரைமணி நேரம் அசையாது நிற்றல் வேண்டும். என் வேலை ஒழுகினால் டீச்சரின் வகுப்பு மூடப்படும் என்று மேலாளர் அறிவித்து, சாமான் அறைச் சாவியையும் முன்தினமே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

டீச்சர் முப்பத்தொரு வயதினர். வேலை செய்வோருக்கென எங்கள் நகரில் முதன்முதலாகத் தொழில் வகுப்பு தொடங்கியவர் அவரே. அந்தச் சாமான் அறைதான் வகுப்பறை. வரைபடம் படிக்கவும், என் பெயரைப் பிழையின்றி எழுதவும் ஐம்பதாம் வயதில் அங்கே கற்றேன்.

என் மனைவியின் அண்ணன்தான் ஃபோர்மேன். கண் பார்த்தால் கை செய்யும், வகுப்பு எதற்கு என்பது அவரது கொள்கை. பம்பை அடித்தபடியே கேட்டார்:

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா மாப்ளே?"

"சூடு காட்டினா இரும்பே வளையுது மச்சான்."

சொன்னேனே தவிர, என் கண் கலனின் அடியிலேயே இருந்தது. அடியில் தகடுகளை இணைக்கும் பற்றவைப்புத் தையலில் ஓரிடத்தில், மேலே படிந்த கசடைத் தட்டி நீக்காமலே அடுத்த கம்பியால் பற்றவைத்திருந்தேன். டீச்சரிடம் அதை மறைத்திருந்தேன்.

பதினேழாம் நிமிடத்தில் முள் இறங்கியது.

மேலாளர் குறிப்பேட்டை மூடினார். டீச்சர் கால்மணி நேரம் அவகாசம் கேட்டு, கைப்பையிலிருந்த சாக்கட்டியை என்னிடம் நீட்டினார். கசிவுள்ள இடத்தில் சாக்கட்டிப் பூச்சு நனைந்து கறுக்கும் என்பது நாங்கள் படித்த பாடம்.

கலனைத் துணியால் துடைத்தேன். அந்த இடம் என்னைத் தவிர எவருக்கும் தெரியாது; தாண்டிச் சென்றிருக்கலாம். முதலில் அங்கேதான் குனிந்து பூசினேன். வெள்ளையாகவே இருந்தது. தையல் முழுவதும் பூசினேன், வெள்ளை. இறுதியாக அழுத்தமானியைக் கலனில் பொருத்தும் அடிமரையில் பூசினேன். மெல்லக் கறுத்தது.

அதைக் காலையில் முறுக்கியவர் மச்சான். அவர் ஸ்பானரை எடுத்துவந்தார். அழுத்தம் இறக்கப்பட்டு, மரை முறுக்கப்பட்டு, சோதனை முதலிலிருந்து தொடங்கியது.

"முதல்ல ஏண்ணே அந்த இடத்துக்குப் போனீங்க?" என்று டீச்சர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

சொன்னேன். அவர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப முள் நின்னாலும் அந்தத் தையல் ரொம்ப நாள் நிக்காது. நாளைக்கு அதைத் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி பத்தவைங்க, மறுபடி சோதிப்போம். மேலாளர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வகுப்பு மொத்தமும் பக்கத்துல நின்னு பாக்கட்டும்."

நாளை வகுப்பு இருக்குமா என்பதை நான் கேட்கவில்லை.

முள் பதினைந்திலேயே நின்றது. மேலாளர் சாவியை டீச்சரின் கையில் வைத்தபோது மாலை மணி நான்கு பன்னிரண்டு.