முன்கையிலிருந்து விழுந்த ஆரக்கால்

மலேசியாவில் கூலிமுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், காலை ஆறே காலுக்கு, குணசுந்தரியின் வலது முன்கையிலிருந்து வண்டிச் சக்கரத்து ஆரக்கால் ஒன்று கழன்று விழுந்தது. ரத்தமில்லை, வலியில்லை, கை முன்போலவே இருந்தது. பக்கத்துச் சீட்டு ஷாமளா காலை ஒதுக்கிக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள்.

குணசுந்தரிக்கு முப்பத்து நான்கு வயது. பன்னிரண்டு வருடம் கணினிச் சிப் தொழிற்சாலையில் நின்றே கால் மரத்தவள், சுங்கைப் பட்டாணியில் சனி ஞாயிறுகளில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்திருந்தாள். எலும்புப் பெயர்த் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் படிப்பு போச்சு, கடைசிவரை தொழிற்சாலைதான். அன்று பட்டியலின் முதல் பெயரே எரிச்சலைக் கிளப்பியது: ரேடியஸ், முன்கை எலும்பு. ஐந்தாம் படிவக் கணக்கில் அவளைக் கவிழ்த்த அதே வட்டத்துச் சனியன் கைக்குள் எப்படி வந்தது என்று கைப்பேசியில் தேடினாள். லத்தீனில் அது சக்கரத்து ஆரக்காலாம். தமிழ்ப்பள்ளியில் ஆரம் என்று படித்ததும் இதைத்தானே என்று உறைத்த நொடியில்தான் அது விழுந்தது.

அப்புறம் தினம் ஒன்று, பெயரின் பழைய பொருள் எதுவோ அதுவே. டிபியா என்றதும் முழங்காலுக்குக் கீழிருந்து புல்லாங்குழல் வந்தது, கிளாவிக்கிள் என்றதும் தோளருகிலிருந்து சின்னச் சாவி. கணக்கில் சரிவகமாகவும் கட்டைவிரலடியில் எலும்பாகவும் இருக்கும் டிரப்பீஸியம், கிரேக்கத்தில் குட்டி மேசை என்பதால், சாண் உயர மேசையாகவே வந்து நின்றது. கால்குலஸ் என்றால் கூழாங்கல், அந்நாளில் கல் வைத்துக் கணக்குப் போட்டார்கள், சிறுநீரகக் கல்லுக்கும் அதே பெயர் என்று அவள் உரக்கப் படித்த காலையில், இரண்டு வருடம் கல்லோடு அவதிப்பட்ட டிரைவர் பரஞ்சோதியின் உள்ளங்கையில் அந்தக் கல் கிடந்தது.

அவர் அதை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, "தங்கச்சி, முட்டிக்கும் ஏதாச்சும் படி லா," என்றார்.

தேர்வில் துணிக்கடியில் கைவிட்டு எலும்பைத் தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும். முதல் எலும்பில் வழக்கம்போல் எல்லாம் மறந்தது. பிறகு விரல்கள் ஆரக்காலைத் தடவின. சொன்னாள். பதினெட்டாவது பெயரில் மேசையில் இடமில்லாமல் போக, கண்டிப்புக்குப் பேர்போன தேர்வாளர் விழுந்த சாமான்களைத் தரையில் அடுக்கிவிட்டு அடுத்ததைக் கேட்டார். முழு மதிப்பெண்.

"பாஸாயிட்டேன் அண்ணே," என்று பஸ் படியிலேயே அழுதாள். பரஞ்சோதி கூலிம்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

இப்போது அவள் சுங்கைப் பட்டாணியில் வெள்ளைச் சட்டை போட்டு வேலை பார்க்கிறாள். முதல் நோயாளி பரஞ்சோதிதான். பட்டெல்லா என்று அவள் முட்டியைத் தொட்டதும் சின்னத் தட்டு ஒன்று விழுந்தது. அதில்தான் அவர் காலையில் இட்லி சாப்பிடுகிறார். ஷாமளாவோடு நான்கு பெண்கள் அதே படிப்பில் சேர்ந்திருப்பதால், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருக்கிறது. இறங்கும்போது அவரவர் சாமானை எடுத்துப்போக வேண்டும்.