இரண்டு மணி ஊர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் அனோவ்ரிசி பஞ்சாயத்து ஒரு சிறு புத்தகம் போடுகிறது. அதற்கு ஊரின் புவியியலையும் வரலாற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் கீழூரில் பெண் எடுத்தவன், ஊரிலேயே வேலைவெட்டி குறைந்தவன். இப்படி ஆரம்பித்தேன்:

‘கிரேக்கத்துப் பிந்தோஸ் மலையின் மடியில், முகில்கள் தாலாட்ட—’

வேண்டாம். இங்கே முகில் யாரையும் தாலாட்டுவதில்லை. நவம்பரில் இறங்கி வந்து ஆட்டையும் ஆளையும் விழுங்கும். மறுபடி:

‘ஊர் இரண்டு துண்டு. மேலூர், கீழூர். நடுவே ஓடைப்பள்ளம்.’

இது பரவாயில்லை. புவியியல் முடிந்தது.

2

வரலாறுதான் வில்லங்கம். புனித வெள்ளியன்று கிறிஸ்துவின் பூப்பாடையை முன்னால் தூக்குவது யார் என்று அந்தக் காலத்தில் கைகலப்பு. கீழூர்க்காரர்கள் முறுக்கிக்கொண்டு போய்த் தனிக்கோயில் கட்டி, தனி மணி தொங்கவிட்டார்கள். [முதலில் கை நீட்டியது யார் என்று எழுதினால் ஏதாவது ஒரு பக்கத்தில் எனக்குக் காபி கிடைக்காது. எழுதவில்லை.]

மணி வெறும் பூசைக்கு மட்டுமல்ல. மூடுபனியில் மலைமேல் யாராவது மாட்டிக்கொண்டால், சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேரட்டும் என்று விடாமல் அடிப்பார்கள். வந்து சேர்ந்தவனே கயிற்றைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குள் வேறு யார் நிறுத்தினாலும், ஆள் செத்தான் என்று கைகழுவியதாக அர்த்தம்.

ஒரு மணி இருந்தவரை நல்ல வழக்கம். இரண்டான பிறகு

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல்தான் கட்டுரை கதையாகிவிட்டது.]

3

பொலிக்ஸேனி. கீழூர்க்காரி, ஐம்பது வயது, கணவனை இழந்தவள். கூடப் பிறந்தது ஒரே தம்பி, திமியோஸ். அவன் மேலூர் அசிமினாவைக் கட்டிக்கொண்டு மேலேயே குடிபோனான். அன்றிலிருந்து இவளுக்கு அவர்கள் இருவரோடும் பேச்சில்லை.

முதல் வரைவில் இவளைச் சன்னலோரம் நின்று அழவைத்தேன். என் மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அழமாட்டார்கள், பாத்திரத்தை நங்கென்று வைப்பார்கள். ஆகவே அழுகையை அடித்துவிட்டேன். இப்போதைய பொலிக்ஸேனி குளிர்காலம்தோறும் கம்பளிக் காலுறை பின்னி, ‘சந்தையில் விலைபோகாதது’ என்று காபிக்கடை லாம்ப்ரோஸ் மூலம் தம்பிக்கு அனுப்புகிறாள். காலுறை அவன் காலுக்குச் சரியாக இருக்கும்.

கைபேசி இல்லாத காலம். ஒரு நவம்பர் மத்தியானம், மேலூருக்கு மேலேயுள்ள மேய்ச்சல் மேட்டில் மூடுபனி இறங்கியது. ஆடுகள் வீடு வந்தன, திமியோஸ் வரவில்லை. பள்ளத்தின் மறுகரையிலிருந்து யாரோ கத்திச் சொன்னார்கள். மேலூர் மணியை அசிமினா அடிக்க ஆரம்பித்தாள். பொலிக்ஸேனி யாரையும் கேட்கவில்லை. நேரே கோயிலுக்கு ஓடிக் கீழூர் மணிக் கயிற்றைப் பிடித்தாள்.

4

கை ஓய்ந்தபோது லாம்ப்ரோஸ் கயிற்றை வாங்கிக்கொண்டான். மூச்சுவிட வெளியே வந்தவள் சுவரோரம் நின்றாள். மேலே ஒரு மணி, கீழே ஒரு மணி. பனிக்குள் இரண்டும் கலந்து, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத ஒரே சத்தமாகக் கேட்டது. அவள் திரும்பி உள்ளே போனாள்.

“லாம்ப்ரோ, ரெண்டும் கேட்டா அவன் எங்கடா நடப்பான்?”

லாம்ப்ரோஸ் அடித்துக்கொண்டே யோசித்தான். “நடுவுல.”

“நடுவுல என்ன இருக்கு?”

அவன் வாசல் வழியே பள்ளத்துப் பக்கம் பார்த்தான். “நிறுத்துன்னு மட்டும் சொல்லாதக்கா. தம்பிய உசுரோட பொதச்சவள்னு ஊரு பேசும். அந்த அசிமினாவ நிறுத்தச் சொல்லு.”

“அவன் வீடு அங்கதானடா இருக்கு,” என்றாள் பொலிக்ஸேனி.

இத்தனை வருடத்தில் அதை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. கயிற்றைப் பிடுங்கி, உடம்பு முழுவதையும் அதில் தொங்கவிட்டு மணியை நிறுத்தினாள்.

கீழூர் வாசல்களில் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். அவளை வாயை மூடச் சொல்லிவிட்டுப் பொலிக்ஸேனி காதைத் தீட்டிக்கொண்டாள்.

மேலூர் மணி தடுமாறியது. தம்பி செத்தான் என்று அக்காவே கைவிட்டாளா, அல்லது அவன் கீழே வந்து சேர்ந்துவிட்டானா? எப்படி எடுத்துக்கொண்டாலும் அசிமினா அடிக்க வேண்டியதில்லை. ஒரு அடி. நீண்ட இடைவெளி. பிறகு எதுவும் இல்லை.

பொலிக்ஸேனி பள்ளத்தின் விளிம்புக்கு ஓடினாள்.

“அடியே அசிமினா! அவன் இங்க வரல! நீ அடிடி! உன் மணிக்குத்தான் வரணும், நிறுத்தாதடி தாயே!”

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

“சரிங்க மதினி.”

மணி மறுபடி ஆரம்பித்தது.

5

முடிவுகள் கைவசம் உண்டு. திமியோஸ் வந்து, மூவரும் ஒரே தட்டில் அவரைக்கூழ் சாப்பிடுவது ஒன்று. என் மனைவிக்கு அதுதான் வேண்டுமாம். இன்னொன்றை எழுதிக் கிழித்துப் போட்டேன், அதைக் கேட்காதீர்கள்.

ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி இதை நிறுத்த எனக்கு உரிமையில்லை, அவன் வந்துதான் நிறுத்த வேண்டும். கயிறு அசிமினா கையில் இருக்கிறது. கை ஓய்ந்தால் நீங்கள் கொஞ்ச நேரம் பிடியுங்கள். பொலிக்ஸேனி மரப்பாலத்தைத் தாண்டி மேலூருக்கு ஏறிக்கொண்டிருக்கிறாள். பனிக்குள் நிற்பவனுக்கு இப்போது ஒரே மணிதான் கேட்கிறது.