இரண்டு பீப்பாய்த் தண்ணீர்

"வாலை முறுக்குங்க. சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்க அதென்ன பஸ் கம்பியா?" என்றாள் அக்னஸ்.

ஆபிரகாம் முறுக்கினான். விழுந்து கிடந்த எருமைக் கிடாவின் வயிற்றுக்கடியில் கோணிச்சாக்கைச் செருகி, ஒரு முனையை மனைவி அக்னஸும் மறுமுனையை அம்மா இன்பராணியும் இழுத்தார்கள். கிடா திரும்பி அவனைப் பார்த்தது. லோதி ரோடு ஆபீசில் லீவு கேட்டுப் போய் நின்றால் செக்‌ஷன் ஆபீசர் பார்க்கிற அதே பார்வை. பிறகு எழுந்து, நான்கு கால்களையும் அகட்டி வைத்துக்கொண்டு நடுங்கியது. மூவரும் எதையோ சாதித்துவிட்டவர்கள் போல மூச்சு வாங்கினார்கள். அதற்குள் கொட்டகையின் அந்தக் கோடியில் இன்னொன்று படுத்துவிட்டது.

எண்பத்தேழாம் வருஷம். தலைநகரை அடுத்த நஜஃப்கர் பக்கம் ஆகஸ்ட் பிறந்தும் ஒரு சொட்டு விழவில்லை. கைபம்பை அடித்தால் மணல் வந்தது. டாங்கர் வரும் என்றார்கள், எல்லோரும் நம்பினார்கள், அது வரவில்லை. வீட்டில் மிச்சமிருந்தது இரண்டு பீப்பாய்த் தண்ணீர்தான்.

பன்னிரண்டு கிடாக்களும் அப்பா அடைக்கலசாமியுடையவை. ராணுவத்துக்கு இறைச்சி அனுப்பும் டிப்போவில், மாட்டை நிற்கவைத்துப் பார்த்தே எடை சொன்னவர். ரிடையரான பிறகு, பால்காரர்கள் வேண்டாமென்று தள்ளும் ஆண் கன்றுகளை வாங்கி இறைச்சிக்காக வளர்த்தார். மழை ஏமாற்றும் என்று தோன்றினால் உடம்பில் சதை இருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வைகாசியிலேயே தோன்றியது. ஆனால் மகன் சென்ட்ரல் கவர்ன்மென்ட். அதுவும் விவசாய சம்பந்தமான இலாகா. அவனுக்குத் தெரியாத மழையா? மகனைக் கேட்டார்.

ஆபிரகாம் அங்கே பார்ப்பது நாற்காலியும் மின்விசிறியும் வாங்கும் பிரிவு. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அடுத்த வாரம் வரும்னு பேசிக்கிறாங்கப்பா" என்றான். அப்பா ஒவ்வொரு வாரமும் கேட்டார். அவனும் ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னான். அரசாங்கத்தை நம்பி அப்பா கிடாக்களை நிறுத்திவைத்தார். சதை போய் விலா எலும்பு வந்தது.

உள்ளே அப்பாவின் இருமல் கேட்டது. அக்னஸ் நர்ஸ், காலையிலேயே, "இன்னைக்குத் தாண்டாதுங்க" என்று சொல்லியிருந்தாள். மூவரும் சாக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"எத்தனை நிக்குது?" என்றார் அப்பா.

"பன்னெண்டும் நிக்குதுப்பா."

"பதினொண்ணு, மாமா" என்றாள் அக்னஸ்.

"நாளைக்குக் காலைல கசாப்புக்கு வாங்குற நஸீர் லாரி கொண்டாருவான். தானா நடந்து ஏறுறதத்தான் எடுப்பான். விழுந்தத விட்டுட்டுப் போயிருவான். அது கெடந்து..." மூச்சு எட்டவில்லை. "கசாப்புக்காரன் கை ஒரு நிமிஷம்டா. இது அப்படியில்ல. பொழுது சாயத் தண்ணி காட்டிரு. ரெண்டு பீப்பாயும். அப்பத்தான் காலைல நிக்கும்."

"காட்டிடறேன்பா."

"மழை?"

"அடுத்த வாரம்."

அப்பா அவனைத் தலையிலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்தார். எத்தனை கிலோ தேறும் என்று பார்ப்பது போலிருந்தது.

"அச்சா" என்றார்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அக்னஸ் நாடியிலிருந்து விரலை எடுத்து, அந்தக் கையை விரிப்பின்மேல் நேராக வைத்தாள். இன்பராணி அழாமல் எழுந்துபோய் மின்விசிறியைக் கட்டிலின் பக்கம் திருப்பினாள். கரண்ட் இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

அந்த வெயிலில் மறுநாள்வரை வைக்க முடியாது. பாதிரியாருக்குச் சொல்லி, பெட்டிக்குச் சொல்லி முடிப்பதற்குள், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் மங்கத் ராம் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"ஜமீன் பத்தர் ஹை, பாபுஜி" என்றான். மண் கல்லாகிவிட்டது, கடப்பாரை எகிறுகிறது, முழங்கால் ஆழத்துக்கு மேல் போகவில்லை. இரண்டு பீப்பாய்த் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் வெட்டிவிடலாம். சொல்லிவிட்டுக் கொட்டகை ஓரம் நின்ற இரண்டு பீப்பாய்களையும் பார்த்தான். மரியாதை தெரிந்தவன், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"அம்மா, நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தடா சொல்ல? முழங்கால் ஆழத்துல வச்சா நாய் தோண்டிரும். மாட்டுக்கு இல்லாமப் பண்ணினா உங்கப்பாவே எந்திரிச்சு வந்து திட்டுவாரு." சொன்ன வேகத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் வெகுநேரம் குலுங்கியது.

ஆபிரகாம் அக்னஸைத் திரும்பிப் பார்த்தான்.

"நோட் போட்டு மேல அனுப்ப இங்க யாரும் இல்லைங்க" என்றாள். அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

இருபது வருஷ சர்வீசில் அவன் எதையும் முடிவு செய்ததில்லை. 'பரிசீலிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மின்விசிறி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இப்போது செய்தான். குழிக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று. ஆபீசில் பழகிய மூளைக்கு வேறென்ன தோன்றும்?

மங்கத் ராம் ஒரு பீப்பாயைத் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு போனான். மற்றதை ஆபிரகாம் தொட்டியில் கவிழ்த்தான். முண்டியடித்த எட்டும் உள்ளே விட்ட தலையை எடுக்கவில்லை. பின்னால் நின்ற மூன்றும் கிட்ட வருவதற்குள் தொட்டி காய்ந்துவிட்டது. அவை சிமென்டை நக்கிக்கொண்டிருந்தன. பாதிரியார் வந்து இறந்தவருக்கான ஜெபத்தை ஆரம்பித்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

குழி இடுப்பளவுதான் வந்திருந்தது. "இதுக்கு மேல போகல" என்று மங்கத் ராம் கையை விரித்தான். பெட்டியை இறக்கக் கயிறு கொண்டுவந்திருந்தார்கள், அது தேவைப்படவில்லை. ஆபிரகாம் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டான். ஈர மண். பாதி விழுந்தது, பாதி கையிலேயே ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்தபோது வாசலில் கைகால் கழுவ வாளி இல்லை. வந்தவர்கள் ஒரு நிமிஷம் தயங்கினார்கள். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஆபிரகாம் கொட்டகைக்குப் போனான். மூன்று படுத்திருந்தன. சாக்கு அங்கேயே கிடந்தது. கூப்பிட்டால் அக்னஸ் வருவாள், தூக்கி நிறுத்தலாம், காலைவரை நிற்குமா என்பதுதான் தெரியாது. முதலில் கிடந்ததன் பக்கத்தில் குந்தினான். அது கழுத்தை நீட்டி அவன் உள்ளங்கையை மோந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. அரம் போன்ற நாக்கு விரல் இடுக்குகளில் எல்லாம் புகுந்து, ஒட்டியிருந்த ஈர மண்ணைத் தேடித் தேடி எடுத்தது.

ஒரு கை சுத்தமானதும், அவன் மற்றக் கையை நீட்டினான்.